முப்பத்திரண்டு பல் கேசட்

உட்காருங்க தம்பி. சைக்கிள் எங்கயும் ஓடிப் போயிடாது, அப்பறமா ஓட்டிப் பாக்கலாம். உங்களுக்கு முன்னாடியும் ஆளுங்க வந்தாங்க. டயரை அமுக்குவாங்க, பெயின்ட் எங்க உரிஞ்சிருக்குன்னு தேடுவாங்க, விலையைக் கேட்டுட்டுப் போயிடுவாங்க. நீங்க ஒருத்தர்தான் வந்ததும் குனிஞ்சு பின்சக்கரத்தைப் பாத்துட்டு, கேசட் மாத்தியிருக்கீங்களான்னு கேட்டீங்க. அப்படிக் கேட்டவங்ககிட்ட விலை மட்டும் சொல்லி அனுப்ப எனக்கு மனசு வரலைங்க.

மாத்தியிருக்கேன். ஒரு தடவை இல்ல, மூணு தடவை.

தெரியாதவங்களுக்கு அது என்னங்க, இரும்புத் தட்டு. சின்னதுலேர்ந்து பெருசு வரைக்கும் எட்டுப் பல்சக்கரம், அடுக்கி வச்ச மாதிரி. செயின் பெரிய தட்டுல ஏறினா மிதிக்க லேசு, மலை ஏத்தத்துக்கு அதுதான். சின்னத் தட்டுல விழுந்தா வேகம். இவ்வளவுதான் விஷயம். இந்த இவ்வளவையும் நான் அம்பதை நெருங்கற வயசுல செல்போன்ல வீடியோ பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டேன். அந்தச் சமயத்துல என்னை யாராவது எழுப்பிக் கேட்டிருந்தா, எந்தக் கம்பெனி கேசட்டுல பெரிய தட்டுக்கு எத்தனை பல்லுன்னு ஒப்பிச்சிருப்பேன். எம் பொண்ணு என்ன நெனக்கறான்னு கேட்டிருந்தா அதுக்கு... சரி, அதை உடுங்க.

என் பேரு செங்கோடன். ஜவ்வரிசி ஆலை ஒண்ணுல எடைமேடை பாத்துக்கிட்டிருந்தேன். லாரி ஏறும், எழுதுவேன், இறங்கும். ஆலையை மூடிட்டாங்க. வீட்டுக்காரி வளர்மதி கடைவீதியில ஒரு துணிக்கடையில நிக்கறா. நிக்கறான்னா நெஜமாவே நிக்கறதுதாங்க, உக்கார ஸ்டூல் கிடையாது. எங்களுக்கு ஒரே புள்ள, யுவஸ்ரீ. யுவான்னு கூப்புடுவோம்.

இந்தக் கன்னங்குறிச்சியிலேர்ந்து பள்ளிக்கூடத்துக்கு அவ சாதா சைக்கிள்லதான் போவா. கோரிமேட்டு ஏத்தத்துல மத்த புள்ளைங்க எல்லாம் இறங்கித் தள்ளும். இவ தள்ளமாட்டா, ஏறிடுவா. அதை ஜெரால்டு சார் பாத்திருக்காரு. பழைய சைக்கிள் வீரர், இப்ப புள்ளைங்களுக்குப் பயிற்சி குடுக்கறவரு. வீட்டுக்கே வந்து கேட்டாரு. இந்தப் புள்ளைக்கு மலை ஏறுற காலு, என்கிட்ட உடுங்கன்னாரு. இந்த சைக்கிளையும் பழசா அவர்தான் புடிச்சுக் குடுத்தாரு.

கூட மோனிஷான்னு ஒரு புள்ள. ரெண்டு பேரும் ஞாயித்துக்கிழமையானா ஏற்காடு ரோடுதான். அடிவாரத்துல ஆரம்பிச்சு, அந்தக் கொண்டை ஊசி வளைவு எல்லாம் ஏறி, ஏரியைச் சுத்திட்டு இறங்கி வருவாங்க. ஏத்தத்துல யுவா முன்னாடி, இறக்கத்துல மோனிஷா முன்னாடி. போட்டிதான், ஆனா ஒரே டிபன் பாக்ஸ்ல சாப்புடுவாங்க.

பன்னெண்டாவது முடிக்கறப்ப, சைக்கிள் ஓட்ட வச்சு ஆள் எடுக்கற ஒரு தேர்வு வருதுன்னு சார் சொன்னாரு. அதுல எடுத்துட்டா விளையாட்டு விடுதி. சாப்பாடு, தங்கறது, காலேஜ் படிப்பு எல்லாம் அவங்களே பாத்துக்குவாங்க. நல்லா ஓட்டினா நாளைக்கு ரயில்வேயிலயோ போலீசுலயோ விளையாட்டு ஒதுக்கீட்டுல வேலை. அதைச் சொல்லறப்ப எனக்கு ஆலை மூடி ஒரு மாசம். நீங்களே நெனச்சுப் பாருங்க தம்பி, முழுகறவன் கையில கயிறு குடுத்த மாதிரி. அன்னிக்கிலேர்ந்து நான் அந்தக் கயித்தை உடல.

நடுவுல ஒண்ணு நடந்துச்சு. அது வேற விஷயம், ஆனாலும் சொல்லிடறேன். தை மாசம், பனி. மலையிலேர்ந்து இறங்கறப்ப மோனிஷா ஒரு வளைவுல மண்ணுல சறுக்கித் தடுப்புச் சுவத்துல அடிச்சுக்கிட்டா. இடுப்பெலும்பு முறிஞ்சு, தாடை முறிஞ்சு, ரொம்ப நாள் ஆஸ்பத்திரி. உயிருக்கு ஒண்ணுமில்ல. இப்ப ஆத்தூர்ல அவங்க மாமா வீட்டுல இருக்கா, வாக்கர் புடிச்சு நடக்கறாளாம். யுவா பின்னாடிதான் வந்துக்கிட்டிருந்திருக்கா. அவளுக்கு ஒரு கீறல் இல்ல. அன்னிக்கு வீட்டுக்கு வந்து, பனியன்ல இருந்த ரத்தத்தைத் தானே துவைச்சுக் காயப்போட்டா. அம்மா தோசை சுட்டுக் குடுத்தா, சாப்பிட்டா, தூங்கினா. அழல. எம்புள்ளைக்கு நெஞ்சுறுதி ஜாஸ்தின்னு நான் ஆலையில கூட இருந்தவங்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னேன்.

அப்பறமும் மலைக்குப் போனா. ஏத்தத்துல முன்னைவிட வேகமா ஏறுறான்னு சார் சொன்னாரு. இறங்கறதுக்குத்தான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கறான்னாரு. பத்திரமா வர்றா, நல்லதுதானேன்னு நான் இருந்துட்டேன்.

மாசிக் கடைசியில ஒரு நாள் சைக்கிளைச் செவுத்துல சாச்சு வச்சுட்டு, இனிமே போகலப்பான்னா. ஏன்னு கேட்டேன். மறுபடியும் கேட்டேன். மறுபடியும். வளர்மதி வந்து உடுங்கன்னா, நான் உடல. கடைசியில சொன்னா, "ஏத்தத்துல கால் வலிக்குதுப்பா. கியர் பத்தல."

உண்மையைச் சொல்லணும்னா தம்பி, எனக்கு அப்பத்தான் மூச்சே வந்துச்சு. கியர் பத்தலைன்னா கியர் மாத்திடலாம். பயமா இருக்குது, புடிக்கல, அப்படி ஏதாவது சொல்லியிருந்தா நான் எங்க போயி என்னத்தை வாங்குவேன்? இது கடையில கிடைக்கற சாமான்.

அன்னிக்கு ஆரம்பிச்சேன். இதுல இருந்த பழைய கேசட்டுல பெரிய தட்டுக்கு இருபத்தஞ்சு பல்லு. மலைக்கு இருபத்தெட்டு வேணும், முப்பத்திரண்டு இருந்தா இன்னும் லேசுன்னு வீடியோவுல சொல்லறாங்க. நல்ல கம்பெனி கேசட் விலையைப் பாத்தேன். போனைக் கவுத்து வச்சுட்டேன். வளர்மதியோட சம்பளத்துல அதை வாங்கினா அந்த மாசம் நாங்க பாத்திரத்தைக் கழுவ வேண்டிய வேலை இருந்திருக்காது.

சல்லிசா ஒண்ணு போன்லயே ஆர்டர் போட்டேன். வந்துச்சு. பளபளன்னு இருந்துச்சு. எண்ணிப் பாக்கறேன், ஒம்பது தட்டு. நம்ம சைக்கிளுக்கு எட்டு. சக்கரத்து நடு ஹப்புல போய் உக்காந்துடுச்சு தம்பி, அதான் கொடுமை. உக்காந்துடுச்சு, ஆனா கியர் மாத்தற லீவர் எட்டுக்குத்தானே அளந்து தட்டும்? ஒரு தட்டுக்குப் போகச் சொன்னா ரெண்டுக்கும் நடுவுல நின்னுக்கிட்டு கரகரன்னு அரைக்குது. திருப்பி அனுப்பறதுக்கு நான் பட்ட பாடு தனி. மாட்டிக் கழட்டினதை எடுத்துக்கமாட்டோம்னு ஒரு பொண்ணு போன்ல ரொம்ப மரியாதையாச் சொல்லுச்சு.

அடுத்தது, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில. பேர் இல்லாத கம்பெனி. எட்டுத் தட்டுதான், எண்ணிப் பாத்துட்டுத்தான் காசு குடுத்தேன். முப்பத்திரண்டு பல்லு. மாட்டினோம். யுவாவைக் கெஞ்சி கோரிமேடு வரைக்கும் ஓட்டச் சொன்னேன். எந்திரிச்சு நின்னு மிதிச்சா செயின் படக்குன்னு தாவுது. திரும்பி வந்து, "செயின் குதிக்குதுப்பா, ஓட்ட முடியாது"ன்னா. மொகத்துல ஒரு நிம்மதி தெரிஞ்சுச்சு. சரியான குறையைக் கண்டுபுடிச்சுட்டோம்ங்கற நிம்மதின்னு நான் எடுத்துக்கிட்டேன். எனக்கும் அதே நிம்மதிதானே.

தேர்வுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். தூக்கம் போச்சு. சாப்பாட்டுல உக்காந்தா தட்டு தெரியாது, கேசட் தெரியும். பின்சக்கரத்தைக் கழட்டி ஒரு கோணியில சுத்தி, பழைய கேசட், புது கேசட் ரெண்டையும் பையில போட்டுக்கிட்டு கோயமுத்தூருக்கு பஸ் ஏறினேன். மடியில சக்கரம். பக்கத்துல இருந்த அம்மா சேலையில கிரீஸ் பட்டு, அந்தம்மா அவினாசி வரைக்கும் என்னை வஞ்சுக்கிட்டே வந்துச்சு.

அங்க அசார்னு ஒரு மெக்கானிக். போட்டிக்குப் போற சைக்கிள் பூரா அவர்கிட்டத்தான் வருமாம். நான் அவரு முன்னாடி சக்கரத்தை வச்சுட்டு அழாத குறையா நின்னேன். அவரு பாத்தாரு. பழைய தேஞ்ச செயினைப் புதுப் பல்லுல போட்டா தாவத்தான் செய்யும், செயினையும் சேத்து மாத்தணும்னாரு. அது எந்த வீடியோவுலயும் என் கண்ணுல படாம போச்சு. அப்பறம் என் பழைய கேசட்டைக் கையில எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. அந்த இருபத்தஞ்சு பல் தட்டைக் காட்டி, இதுல செயின் ஏறவே இல்லையேண்ணா, புதுசாட்டம் இருக்குதுன்னாரு. இந்தப் புள்ள ரெண்டு மூணு தட்டு சின்னதுலயே கனமா மிதிச்சு மலை ஏறுது, இதுக்கு எதுக்கு முப்பத்திரண்டுன்னாரு. அவ ரோஷக்காரிங்க, லேசா மிதிக்கறது அவளுக்குப் புடிக்காதுன்னு நான் சொன்னேன்.

சக்கரத்தோட ரிம்மையும் தடவிப் பாத்தாரு. பிரேக் கட்டை புடிக்கற எடம் பள்ளமாத் தேஞ்சிருக்குதாம். இறக்கம் பூரா பிரேக்கைப் புடிச்சுக்கிட்டே வருதா புள்ளைன்னு கேட்டாரு. பத்திரமா வருவாங்க, நாங்க அப்படி வளத்திருக்கோம்னேன். அவரு என்னைக் கொஞ்ச நேரம் பாத்தாரு.

விலைதான் பிரச்சினைன்னு தெரிஞ்சுக்கிட்டு, உள்ள போயி ஒண்ணு எடுத்துட்டு வந்தாரு. யாரோ ஒருத்தர் ரெண்டு மாசம் ஓட்டிட்டுப் பெரிய சைக்கிளுக்கு மாறினப்போ கழட்டிப் போட்டுட்டுப் போனது. நல்ல கம்பெனி, எட்டுத் தட்டு, முப்பத்திரண்டு பல்லு. புதுச் செயினோட சேத்து, நான் குடுத்ததை எண்ணாம வாங்கி டிராயர்ல போட்டுக்கிட்டாரு. அந்தக் கேசட்தான் தம்பி நீங்க பாத்தது.

வீட்டுக்கு வந்து மாட்டினேன். வெண்ணெய்ல கத்தி போற மாதிரி மாறுது. யுவாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். பெடலைக் கையால சுத்தி ஒவ்வொரு தட்டா ஏத்தி இறக்கிக் காட்டினேன். அவ அந்தப் பெரிய தட்டையே பாத்துக்கிட்டு நின்னா. இனி உனக்கு ஏத்தம்னு ஒண்ணு கிடையாது கண்ணுன்னேன்.

அவ கேட்டா, "போட்டி மேல ஏரியிலயே முடிஞ்சுருமாப்பா?"

இல்ல, திரும்பி அடிவாரம் வரணும்னு சார் சொன்னாருன்னேன். ஏறுறதுதான் கஷ்டம், இறக்கத்துல சைக்கிள் தானா வந்துரும்னேன். சரிப்பான்னா.

சித்திரையில தேர்வு. காலையில அடிவாரத்துல கூட்டம். நான் முடியற எடத்துல, வெள்ளைக் கோடு போட்டிருந்தாங்களே, அங்கயே நின்னுக்கிட்டேன். மேல நின்ன ஆளு ஜெரால்டு சாருக்குப் போன் பண்ணினாரு. ஏரிக்கு முதல்ல வந்தது யுவா. ரெண்டாவது புள்ள கண்ணுக்கே தெரியலையாம். சார் என் தோளைப் புடிச்சு உலுக்கினாரு. நான் வளர்மதிக்குப் போன் போட்டேன். கடையில போன் எடுக்கக் கூடாது, எடுத்துட்டா. ஜெயிச்சுட்டோம்டின்னேன். அவ அந்தப் பக்கம் அழறா.

அப்பறம் ஒரு சைக்கிள் வளைவுல திரும்பி வந்துச்சு. யுவா இல்ல. இன்னொண்ணு. அதுவும் இல்ல. ஒவ்வொண்ணா வந்து கோட்டைத் தாண்டுது. நான் வர்ற புள்ளைங்களை எல்லாம் யுவாவைப் பாத்தீங்களா பாத்தீங்களான்னு கேக்கறேன், மூச்சு வாங்கிக்கிட்டு இருக்கற புள்ளைங்க என்ன சொல்லும்? ஒரு புள்ள மட்டும், அக்கா நடந்து வர்றாங்கன்னுச்சு. யாரோ ஓட்டின கேசட்டை வாங்கிட்டு வந்து மாட்டிட்டோமே, உடைஞ்சிருச்சோ, செயின் அறுந்துருச்சோ. என் புத்தி அங்கதான் போகுது. யாரோ ஒருத்தர் வண்டியில ஏறி, மேல போங்க மேல போங்கன்னு அவரை அடிக்காத குறை.

பாதி மலைக்கு மேல அவளைப் பாத்தேன். சைக்கிள் ஷூ நடக்க வழுக்கும்னு கழட்டிக் கழுத்துல தொங்கப் போட்டுக்கிட்டு, வெறும் சாக்ஸோட, ரோட்டோரமா சைக்கிளைத் தள்ளிக்கிட்டு வர்றா. நான் குதிச்சு ஓடிப் போயி மண்டி போட்டுப் பின்சக்கரத்தைப் பாத்தேன் தம்பி. புள்ள மொகத்தைப் பாக்கல, பின்சக்கரத்தைப் பாத்தேன். செயின் செயினாட்டம் இருக்குது. பஞ்சர் இல்ல. என்னாச்சு, என்னாச்சுன்னு கேக்கறேன்.

"எல்லாம் நல்லாத்தாம்ப்பா இருக்கு," அப்படின்னா.

அப்படின்னா ஏறு, ஏறி ஓட்டு, இன்னும் ரெண்டு மூணு பேரு வரல, சார்கிட்டச் சொல்லிப் பாக்கலாம்னேன். அவ தலையை ஆட்டினா. நான் கெஞ்சினேன். திட்டினேன். உங்கம்மா கடையில அழுதுக்கிட்டிருக்கான்னேன். உன் கால்ல உழட்டுமான்னு கேட்டேன். கேட்டேன்னு இல்ல, குனிஞ்சேன். வண்டி ஓட்டிட்டு வந்தவரு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாரு.

அவ ஏறிட்டா.

ஷூவை மாட்டல, அப்படியே ஏறி உக்காந்து உட்டா. அடுத்த வளைவு வரைக்கும் போயிருப்பா. அங்க போயி ஒரு காலை ஊனி நின்னுட்டா. நான் ஓடினேன். அவ வாயோரம் வாந்தி. ரெண்டு கையும் பிரேக்கைப் புடிச்சது புடிச்சபடி. உடு கண்ணுங்கறேன், உட முடியல அவளால. விரல் வெளுத்துப் போயி கம்பியாட்டம் கெடக்குது. ஒவ்வொரு விரலா நான்தான் பிரிச்சு எடுத்தேன். சின்னதுல தூங்கறப்ப பொம்மையைப் புடிச்சுக்குவா, அப்படிப் பிரிச்சிருக்கேன். அது வேற.

அப்பவும் நான் என்ன கேட்டேன் தெரியுங்களா? பிரேக் கேபிள் இறுக்கமா இருக்குதா கண்ணுன்னு கேட்டேன்.

வண்டிக்காரரைப் போகச் சொல்லிட்டு ரெண்டு பேரும் நடந்தோம். சைக்கிளை நான் தள்ளினேன். கீழ ஒரு வளைவுல அவ நின்னா. தடுப்புச் சுவத்துல புதுசா சிமென்ட் பூசியிருந்துச்சு.

"இங்கதாம்ப்பா. மோனி என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா. எனக்குக் கேட்டுச்சு. பிரேக் புடிச்சா நானும் விழுந்துருவேன்னு நிக்காம போயிட்டேன். ரெண்டு வளைவு தாண்டித்தான் நின்னேன். திரும்பி மேல ஏறி வந்தேன் பாருங்க, அந்த ஏத்தம்தாம்ப்பா என்னால முடியல."

யார்கிட்டயும் சொல்லலையாம். மோனிஷாவும் கேக்கலையாம், ஏண்டி நிக்கலைன்னு. கேட்டிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும்ப்பான்னா.

நல்ல அப்பனா இருந்தா என்ன சொல்லியிருக்கணும்? நீங்க சொல்லுங்க. ஒண்ணும் சொல்லாம கையைப் புடிச்சிருந்தாலே போதும்னு வளர்மதி சொல்லறா. நான் சொன்னேன், நீ நின்னிருந்தாலும் அந்தப் புள்ளைக்கு எலும்பு முறிஞ்சது முறிஞ்சதுதான். அதை மனசுல வச்சுக்காத. ஐப்பசியில இன்னொரு தேர்வு இருக்குதாம்னேன்.

அவ எனக்கு முன்னாடி நடக்க ஆரம்பிச்சுட்டா. அடிவாரம் வரைக்கும் அவ முதுகைத்தான் பாத்துக்கிட்டு வந்தேன்.

இப்ப இங்கயே ஒரு காலேஜ்ல பி.காம். சாயங்காலம் டவுன் பஸ்ல வந்துருவா. ஞாயித்துக்கிழமை ஆத்தூர் போறா, மோனிஷாவைப் புடிச்சு நடக்க வைக்க. அவகிட்டச் சொல்லிட்டாளா, அவ என்ன சொன்னா, ஒண்ணும் எனக்குத் தெரியாது. என்கிட்ட நல்லாத்தான் பேசறா. சாப்பிட்டீங்களாப்பாங்கறா. சைக்கிளை வித்துருங்கப்பான்னு ஒரே ஒரு தடவை சொன்னா.

விளம்பரம் குடுத்தேன். விலையைக் கூட்டிக் குடுத்தேன், யாரும் வாங்கக் கூடாதுன்னுதான். ஏன்னு கேக்காதீங்க. தினமும் அவ காலேஜ் போனதும் செயினுக்கு எண்ணெய் போடறேன். பிரேக் கட்டை புதுசு மாட்டியிருக்கேன். நேத்து ஜெரால்டு சார் போன் பண்ணினாரு, ஐப்பசித் தேர்வுக்குப் பேரு குடுக்கட்டுமான்னு. வேண்டாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. யோசிச்சுச் சொல்லறேன்னுதான் சொன்னேன்.

அதனாலதான் கேக்கறேன் தம்பி. நீங்க சொல்லற விலைதான். குறைச்சுக் குடுத்தாலும் சரி, அடுத்த மாசம் குடுத்தாலும் சரி. ஓட்டியெல்லாம் பாக்க வேண்டாம், நல்ல சைக்கிள், நான் சொல்லறேன். இப்பவே எடுத்துக்கிட்டுப் போயிடுங்க, அவ பஸ் வர்றதுக்குள்ள. இது இந்த வீட்டுல நின்னா நான் மறுபடியும் அவகிட்டக் கேட்டுருவேன்.

கேட்டா அவ ஏறிருவா.